ஆடு கடித்த இலை

இல்லை அக்கா, விற்பதற்கு இல்லை. வெண்டைக் கன்று. நடுவதற்குத்தான் கொண்டு போகிறேன். தட்டு கொஞ்சம் உங்கள் மடியிலும் ஏறியிருக்கிறது, தப்பாக நினைக்காதீர்கள். கீழே வைக்கலாம் என்று குனிந்து பார்த்தேன். யாரோ கடலை தின்று தோலைப் போட்டிருக்கிறார்கள், அதன் மேல் இன்னொருவர் துப்பியிருக்கிறார். அங்கே எப்படி ஒரு செடியை வைப்பது? செருப்புக் காலை ஊன்றவே கூசுகிறது.

நீங்கள் சாத்தான்குளமா? நல்லது. நான் அதற்கு முன்னாலேயே, ஆறுதல்புரம் விலக்கில் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்த்தீர்களா, பார்த்தீர்களா! முன் சீட்டுக்காரர் டீ குடித்த கப்பை ஜன்னல் வழியாக விட்டெறிகிறார். கழுத்தில் சிலுவை டாலர் வேறு. எங்கள் ஆட்கள்தான். உங்கள் நெற்றியில் குங்குமம் இருக்கிறது. முன்பென்றால் வேற்று மதத்தவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டிருப்பேன். இப்போது வெட்கமெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. அருவருப்பு ஒன்றுதான் மிச்சம்.

என் பெயர் சுகிர்தா. ஊரில் மஸ்கட் டீச்சர் என்றால்தான் தெரியும். பதினெட்டு வருஷம் அங்கே இந்தியப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தினேன். அங்கே மண் என்று ஒன்று கிடையாது, மணல்தான். அந்த மணலில் ரோட்டோரத்துச் செடி ஒவ்வொன்றுக்கும் குழாய் இழுத்து, பச்சைக் குழந்தைக்குப் பாலாடையில் ஊட்டுகிற மாதிரி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார்கள். பூத்துக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு நம் ஊருக்கு வந்து இறங்கினால், மழையும் பெய்து, மண்ணும் இருந்து, எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக் பை. கருவேலமரத்தில் பை, பனையில் பை. அப்பா போன பிறகு வீடு பூட்டிக் கிடக்கிறதே என்றுதான் வந்தேன். வந்த முதல் மாதமே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போது கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த இடம் கண்ணில் பட்டது.

கோயில் என்றால் எங்கள் கோயில், சர்ச்சு. நாங்களும் கோயில் என்றுதான் சொல்வோம். வருஷத்துக்கு ஒருநாள் சபை முழுவதும் வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அசனம் என்பார்கள். நல்ல வழக்கம்தான். ஏழை பணக்காரன் என்று பார்க்காமல் ஒரே சோறு, ஒரே குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் எச்சில் இலை, எலும்பு, தண்ணீர் கப் எல்லாவற்றையும் அள்ளிப் பின்பக்கம் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நன்றி ஜெபம் செய்வார்கள். அப்படி எத்தனையோ வருஷத்து எச்சில் அங்கே கிடந்தது. நாய் இழுத்த எலும்பு, உடைந்த டியூப்லைட், போன கிறிஸ்துமஸ் நட்சத்திரம். ஆண்டவருடைய முதுகுக்குப் பின்னால், பாருங்கள்! நான் சபைச் செயலாளரிடம் போய்க் கேட்டேன். ஆசீர் என்று பெயர். நல்ல உயரம், நல்ல குரல், வேறு நல்லது ஒன்றும் கிடையாது.

“அதுக்கு என்ன டீச்சர், மக்கிப் போயிரும்லா” என்றார்.

“பிளாஸ்டிக் கப் எப்படி மக்கும்?”

“அதுக்கு முன்னால நாம மக்கிருவோம்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள், தோட்டம் போடுகிறேன் என்று சொன்னேன். அவர் அங்கே சிமெண்ட் தளம் போட்டுக் கார் நிறுத்தலாம் என்று நினைத்திருந்தார். சபையில் மொத்தம் எத்தனை கார் இருக்கும் என்கிறீர்கள்? அவருடையது, அவர் மச்சானுடையது. புதிதாக வந்திருந்த ஐயர் என் பக்கம் நின்றார். எங்கள் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம், நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள். சின்ன வயசு. அப்போது அவரை எனக்குப் பிடித்திருந்தது.

பிள்ளைகளுக்கு நான் முதல் பாடத்திலேயே சொன்னேன். ஆண்டவர் முதல் மனுஷனைப் படைத்துக் கோயிலிலா வைத்தார்? பள்ளிக்கூடத்திலா வைத்தார்? தோட்டத்தில் வைத்தார். எதற்காக?

“பழம் திங்கதுக்கு” என்றான் ஒருத்தன்.

“இல்லை. வேலை செய்ய, பார்த்துக்கொள்ள. தோட்டம் அவருடையது. நாம் காவல்காரர்கள்.”

“சம்பளம் உண்டா டீச்சர்?” என்றான் இன்னொருத்தன்.

“ஆதாமுக்குத் தண்ணி எங்கயிருந்து வந்துச்சு?” என்று அடுத்த கேள்வி வந்தது.

“நாலு ஆறு ஓடிற்று” என்றேன்.

“நமக்கு ஒரு குழாய்தாம் இருக்கு. அதுலயும் செவ்வாக்கிழமதாம் வரும்.” இதைச் சொன்னவள் பெனிட்டா. நாலாம் வகுப்பு. அம்மா பெயர் சந்தோஷம், பீடி சுற்றுகிறாள், அப்பா கேரளாவில் எங்கேயோ கட்டட வேலை. அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

ஒரு பிள்ளைக்கு ஒரு விதை, ஒரு செடி. அவரவர் செடிக்கு அவரவர் பொறுப்பு. சனிக்கிழமை, தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீர்; ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாடம். மண்ணைச் சலித்து எச்சிலையெல்லாம் பொறுக்கி எடுக்கவே ஒரு மாதம் ஆயிற்று. நான் கையுறை போட்டுக்கொண்டுதான் இறங்குவேன், மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. பிள்ளைகள் வெறுங்கையால் அளைவார்கள். மண்புழுவைத் தூக்கி ஒருத்தர் கழுத்தில் ஒருத்தர் போட்டு விளையாடுவார்கள். சீ! இவ்வளவு சொல்லியும், அதுவும் ஓர் உயிர் என்று சொல்லியும்.

ஒருநாள் இந்தப் பெனிட்டா தன் செடிக்கு உரம் என்று ஆட்டுப் புழுக்கையை அள்ளிக்கொண்டு வந்தாள். எதில் கொண்டுவந்தாள் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோகிற டப்பாவில்! அங்கேயே அந்த டப்பாவைக் குப்பைக் குழியில் போட வைத்தேன். அழுதாள். “கழுவிருவேன் டீச்சர், சாம்பல் போட்டுத் தேய்ச்சிருவேன்” என்றாள். சுத்தம் என்றால் சுத்தம். மறுநாளே அதே மாதிரி நீல டப்பா, அதே மூடி, புதிதாக வாங்கிக் கொடுத்தேன். எந்த டீச்சர் செய்வாள்? அந்தப் பிள்ளை அதை ஒருநாள்கூட வெளியே எடுத்து நான் பார்க்கவில்லை. நன்றி என்பது இந்த ஊர்த் தண்ணீரிலேயே கிடையாது.

தட்டைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள், வெயில் அடிக்கிறது. ஆங், அப்படி.

செடிகள் ஒரு சாண் வளர்ந்தன. வரிசையாக, நிமிர்ந்து, பார்க்க அவ்வளவு அழகு. ஒரு சனிக்கிழமை காலையில் யாரோ கேட்டைத் திறந்து போட்டுவிட்டார்கள். ஆசீருடைய ஆடு உள்ளே வந்தது. அத்தனை செடியையும் விட்டுவிட்டுப் பெனிட்டாவின் செடியைத்தான் கடித்தது. ஓர் இலையைக் காணோம், ஓர் இலை பாதி, தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நான் ஆசீரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஆட்டுக்கும் கர்த்தர்தானே டீச்சர் பசியக் குடுத்தாரு? நீங்கதானே எல்லா சிருஷ்டியையும் பாக்கணும்னு பாடம் எடுத்திய” என்கிறார், பல்லைக் குத்திக்கொண்டே. அந்தப் பல்குச்சியையும் என் பாத்தியில்தான் போட்டார்.

அந்தப் பிள்ளை அழவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. செடிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சாய்ந்த தண்டுக்கு ஓர் ஈர்க்குச்சியை முட்டுக் கொடுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, என் செடிக்கு இலை குடும்” என்றாள். மற்றப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். எல்லாரும் ஜெபம் பண்ணினார்கள்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? உங்களிடம் கேட்கிறேன். மறுநாள் வந்து பார்க்கும்போது செடி வாடிக் கிடந்தால், அந்த ஜெபம் என்ன ஆகும்? அதற்குப் பிறகு ஆண்டவரைப் பற்றி நான் என்ன பாடம் எடுப்பது? பதினெட்டு வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். முதல் தோல்வியிலேயே மனசு விட்டுப்போனால், பிறகு அந்தக் கை மண்ணைத் தொடாது. அன்றைக்கு மத்தியானமே பஸ் ஏறி, இந்தக் கன்றுகள் வாங்கின அதே நர்சரிக்குப் போனேன். பையில் வளர்த்த வெண்டைக் கன்று, அதே உயரம். சாயந்தரம் பிள்ளைகள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கடிபட்டதைப் பிடுங்கிப் பின்னால் குப்பைக் குழியில் போட்டுவிட்டு, இதை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அந்த ஈர்க்குச்சியைக்கூட மறக்காமல் அதே இடத்தில் ஊன்றினேன். அவ்வளவுதான். ஒரு கன்றை எடுத்து ஒரு கன்றை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை வந்து நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாய் திறந்தபடி நின்றாள். “டீச்சர், முளைச்சிருக்கு! முழுசா முளைச்சிருக்கு!” நான் என்ன சொல்ல முடியும்? “பார்த்தாயா, ஜெபம் பண்ணினால் ஆண்டவர் கேட்பார்” என்றேன். அது பொய்யா? கேட்பார்தானே? கன்று நர்சரியில் இருந்தால் அது ஆண்டவர் வளர்த்த கன்று இல்லையா?

அது அதோடு போயிருக்கும். அன்றைக்கு ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரம். எங்கள் கோயிலில் வழக்கம் உண்டு, நோய் தீர்ந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள் எழுந்து நின்று ஆண்டவர் செய்த நன்மையைச் சபைக்குச் சொல்வார்கள். பெனிட்டா எழுந்து நின்றாள். மைக் எட்டவில்லை, ஐயர் இறக்கிப் பிடித்தார். “ஆடு கடிச்ச இலைய ஆண்டவர் ஒரே ராத்திரியில திருப்பிக் குடுத்தாரு” என்றாள். சபை முழுவதும் அல்லேலூயா என்றது. அவள் அம்மா சந்தோஷம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த ஆசீர்கூடக் கையைத் தட்டினார், ஆட்டுக்காரர்! எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக யாரோ என்னை மரியாதையாகப் பார்த்தார்கள் அக்கா. மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் கண் கலங்கிற்று.

அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு மாற்ற வேண்டியதாயிற்று. வெண்டைக்கு மஞ்சள் நோய் வரும். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகும், பிறகு காய் பிடிக்காது. அதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமா? நோயைப் பார்த்துப் படைப்பின் அழகைக் கற்றுக்கொள்ள முடியுமா? சாயந்தரத்தில் வந்து எடுத்துவிட்டு வேறு வைப்பேன். வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று தம்பி, ஆறுதல்புரம் விலக்கு. ஆமாம், இந்தத் தட்டுக்கு லக்கேஜ் கிடையாது. செடிக்கு லக்கேஜ் கேட்பீர்களா!

எங்கே விட்டேன்? அறுப்பின் பண்டிகை. அதுதான் கேடு பிடித்தது. அவரவர் வீட்டில், தோட்டத்தில் முதலில் விளைந்ததை ஆண்டவருக்கு என்று கொண்டுவந்து பீடத்தில் வைப்போம். வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய், கோழி. பிறகு வெளியே பந்தலில் ஏலம். ஒரு முருங்கைக்காயை ஊர் விலைக்கு நூறு மடங்கு கேட்பார்கள். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டு போகமாட்டார், திரும்பவும் ஏலத்துக்கே கொடுப்பார். இந்த வருஷம் பேராயரும் அவர் மனைவியும் வருகிறார்கள், பிள்ளைகளின் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஆனால் தோட்டத்தில் காய் இல்லை. மாற்றி மாற்றி வைத்த கன்றுகள், பூவோடு நின்றன.

பண்டிகைக்கு முந்தின நாள் ஆசீர் வந்தார். “டீச்சர், சந்தையில ரெண்டு கிலோ வெண்டைக்கா வாங்கி ஒரு கூடையில வச்சிருவோம். பிள்ளைய விளைவிச்சதுன்னு சொல்லிருவோம். யாருக்குத் தெரியப்போவுது?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. “ஆண்டவருக்குப் பொய்யைப் படைக்கச் சொல்கிறீர்களா? அதையும் இந்தப் பிள்ளைகள் கையால்? ஆடு மேய்க்கிற புத்திதானே வரும்” என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. “சவத்த விடுங்க, ஒரு யோசனைதான் சொன்னேன்” என்று போனார். காய் இல்லாவிட்டால் பூவைக் காட்டுவோம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஆனால் சொல்லும்போது என் குரல் இறங்கித்தான் போயிருக்க வேண்டும். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் பேராயரம்மாவை அழைத்துக்கொண்டு பின்பக்கம் போகிறேன். தோட்டம் முழுக்க வெண்டைக்காய்! ஒவ்வொரு செடியிலும் மூன்று, நாலு. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அக்கா, உங்களுக்கு வெண்டைச் செடி தெரியுமா? வெண்டைக்காய் தொங்காது. வானத்தைப் பார்த்து நிமிர்ந்துதான் நிற்கும். இங்கே அத்தனையும் தலைகீழாக, ஜிமிக்கி மாதிரித் தொங்கிக்கொண்டு ஆடின. பேராயரம்மா ஒன்றை ஆசையாகத் தொட்டார்கள். அது கையோடு வந்துவிட்டது, கூடவே பச்சை நூல்.

அந்தச் சிரிப்பு இருக்கிறதே! முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள், பிறகு கூட்டம் மொத்தமும் சிரித்தது. அதோடு விட்டார்களா? நூலோடு அந்த வெண்டைக்காயைக் கொண்டுபோய் ஏலம் போட்டார்கள். “நூலு தனி, காயி தனி!” என்று கூவினார்கள். ஒருத்தர் எடுத்து, இன்னொருத்தர் எடுத்து, அன்றைக்கு எல்லாவற்றையும்விட அதிகத்துக்குப் போனது அந்தக் காய்தான். ஆண்டவருடைய சந்நிதியில்! நினைத்தால் இப்போதும் வாயில் கசப்பு ஊறுகிறது.

நான் நேரே ஆசீரிடம் போனேன். பந்தலில், மைக்குக்கு முன்னால், ஊர் பார்க்க. “இதுதானே உங்கள் வேலை? நேற்றே சொன்னீர்களே!” என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கினார். “டீச்சர், என் பிள்ளை மேல சத்தியம், நான் இல்ல. எனக்கு வெண்டைக்கா எப்படிக் காய்க்கும்னு தெரியும். நான் கட்டியிருந்தா மேல பாத்துக் கட்டியிருப்பேன்.”

திரும்பவும் சிரிப்பு. அப்போது என் சேலையை யாரோ இழுத்தார்கள். பெனிட்டா.

“நாங்கதாம் டீச்சர்.”

“என்ன நீங்கள்தான்?”

“காயி கட்டுனது. எல்லாரும் சேந்து. நீங்க வருத்தமா இருந்திய, அதாம்.”

“யார் சொல்லிக் கொடுத்தது இந்தத் திருட்டுத்தனத்தை? யார் சொன்னது?”

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. அதன் கண்ணில் ஒரு பயமும் இல்லை. “நீங்களும் செடி மாத்தி வைப்பியள்லா டீச்சர்” என்றது. “எங்களுக்கு வருத்தம் வரக்கூடாதுன்னு.”

மைக் திறந்துதான் இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது.

“எப்போது தெரியும் உனக்கு?”

“சாட்சி சொன்ன மறுநாளு. என் டப்பாவ எடுக்கக் குழிக்குப் போனேன். செடி கெடந்துச்சு. பாதி இலையோட.”

“பின்னே ஏன் யாரிடமும் சொல்லவில்லை?”

“நீங்க சந்தோஷமா இருந்திய.”

அவள் அம்மா சந்தோஷம் வந்து பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பேராயரம்மா என் தோளில் கையை வைத்தார்கள், யாரோ செத்த வீட்டில் வைக்கிற மாதிரி.

அதற்கு மறுநாள் ஐயர் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டார். “டீச்சர், பிள்ளைகள் முன்னால ஒரே ஒரு வார்த்தை. நான்தான் மாத்தி வச்சேன்னு சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம், மன்னிப்புகூட வேண்டாம். பெனிட்டா பொய்ச் சாட்சி சொன்னவள்னு மத்தப் பிள்ளைங்க கேலி பண்ணுது. நீங்க சொன்னா அது நிக்கும். வகுப்பும் உங்களுக்கு, தோட்டமும் உங்களுக்கு.”

“சொல்லாவிட்டால்?”

“என்னால தடுத்து நிறுத்த முடியாது டீச்சர். தளம் போட ஆசீர் அண்ணன் ஜல்லி இறக்கியாச்சு.”

பார்த்தீர்களா? காய் கட்டினது பிள்ளைகள். சிரித்தது ஊர். ஏலம் போட்டது கமிட்டி. குனிய வேண்டியது நான்! இல்லாத காயைக் கட்டித் தொங்கவிடுவதும், வாடினதை எடுத்துவிட்டு நல்லதை வைப்பதும் ஒன்றாகுமா? அவர்கள் செய்தது ஏமாற்று. நான் செய்தது பராமரிப்பு. இந்த வித்தியாசம் ஒரு போதகருக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் போனேன். நேரே கேட்டுவிடலாம் என்று. குழியில் பார்த்தது வேறு யாருடைய செடியாகவாவது இருக்கலாம் இல்லையா? சின்னப் பிள்ளை, சரியாக ஞாபகம் இருக்காது. அதை அவளே நாலு பேரிடம் சொல்லிவிட்டால் அவளுக்கும் நல்லது, கேலியும் நின்றுபோகும். சந்தோஷம் முறத்தை மடியிலிருந்து இறக்காமலே, “உள்ள வாங்க டீச்சர்” என்றாள். பெனிட்டா என்னைப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனாள்.

துணி துவைக்கிற கல். அதற்குப் பக்கத்தில் சாக்கடை. சோப்பு நுரையும் பாத்திரம் கழுவின தண்ணீரும் சேர்ந்து கறுப்பாக ஒரு சேறு. ஒட்டினாற்போல் ஆட்டுக் கொட்டில். அந்த நாற்றத்தில் நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன். அந்தச் சேற்றின் கரையில் நின்றது ஒரு வெண்டைச் செடி. என் இடுப்பு உயரம். தண்டு அடியில் கோணல், பிறகு நிமிர்ந்துவிட்டது. சுற்றிலும் புழுக்கை. நாலு காய், நாலும் வானத்தைப் பார்த்து.

“குழியில கெடந்துச்சே, இதான் டீச்சர் அது” என்றாள். “இது சாவல. இலைதாம் போச்சு.”

நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நாற்றம்தான் காரணமாக இருக்கும். அவள் ஒரு காயைத் திருகிப் பறித்து, பாவாடையில் துடைத்து நீட்டினாள். “பச்சையாவே திங்கலாம் டீச்சர், இனிக்கும்.” அந்தப் பாவாடையைப் பார்த்தீர்கள் என்றால்! வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். தின்னவில்லை. எப்படித் தின்பது? இதோ, இன்னும் இந்தப் பையில்தான் கிடக்கிறது. பாருங்கள், வதங்கி நார்போல ஆகிவிட்டது. எறியத்தான் வேண்டும். ஜன்னல் வழியாக எறிந்தால் நானும் அந்த டீக் கப் ஆளும் ஒன்றாகிவிடுவோம். அதனால்தான் வைத்திருக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? நாளைக்குச் சொல்லப் போகிறேனா? நாளைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை, ஆமாம். ஐயர் நாளைக்குக் காலைவரை தவணை கொடுத்திருக்கிறார், போலீஸ்காரர் மாதிரி. அக்கா, வார்த்தையினால் ஒரு செடி வளருமா? நான் வேலை செய்கிறவள், பேசுகிறவள் இல்லை. பண்டிகைக் கூட்டம் மிதித்துத் தோட்டமே நாசமாகிக் கிடக்கிறது. இன்றைக்கு வெயில் தாழ்ந்ததும் இந்தக் கன்றுகள் எல்லாவற்றையும் பழைய வரிசையிலேயே நட்டுவிடுவேன். காலையில் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். ஒரு செடி குறையாமல், ஓர் இலை குறையாமல் நிற்கும். அந்த அழகைப் பார்த்த பிறகு எந்தக் கை சிமெண்டைக் கொட்டும்? அதைவிடவா ஒரு வார்த்தை? பெனிட்டாவின் இடத்தில் வைப்பதற்கென்று ஒன்றைத் தனியாகப் பொறுக்கி எடுத்தேன். நர்சரிக்காரனே கேட்டான், ஏன் டீச்சர் அளந்து அளந்து பார்க்கிறீர்கள் என்று. இதோ, உங்கள் பக்கம், ஓரத்தில் இருக்கிறதே, அதுதான்.

ஐயோ, பிரேக்கைப் பார்! மனுஷர்களை ஏற்றிக்கொண்டு போகிறானா, மாட்டையா? உங்களுக்கு ஒன்றும் இல்லையே? விலக்கு வந்துவிட்டது, நான் இறங்க வேண்டும். தட்டைக் கொஞ்சம் பிடியுங்கள், முதலில் நான் எழுந்துகொள்கிறேன். கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம், விசில் கொடுத்துவிடாதீர்கள்!

அடடா. பாருங்கள், கம்பியில் இடித்துவிட்டது. அந்த ஓரத்துக் கன்றுதான். ஓர் இலை பாதியோடு போய்விட்டது.

இல்லை, இல்லை, தட்டில் வைக்காதீர்கள். இதை நான் கொண்டு போக முடியாது. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, வீட்டில் எங்கேயாவது நட்டு வையுங்கள், பிழைத்தாலும் பிழைக்கும்.

எனக்கு வேண்டாம். மாற்றி வைத்தது என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிடுவாள்.